தை மாதத்து அளவு

புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும்,

வெள்ளிக்கிழமையோடு என் மேசை காலியாகிவிடும். போவதற்கு முன் குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் போ என்றார்கள். எந்தக் கோப்பு எந்த அலமாரியில், எந்த வரைபடம் பழையது, யாரிடம் எதற்குப் போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை முடித்த பிறகும் மனது அடங்கவில்லை. மூன்று நாளாக உட்காருகிறேன், எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், மறுபடியும் வந்து உட்காருகிறேன். கீழே பாண்டி பஜாரில் தீபாவளிக் கூட்டம் இந்தப் புரட்டாசியிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் நான் பார்ப்பது கூட்டத்தை இல்லை, மேகத்தை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மாதிரிக் கடிதத்தை ஓய்வு பெறுகிறவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. மனைவிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருப்பதால் கிளம்புகிறேன். இந்த அலுவலகத்தில் ஏழு வருடம் இருந்தேன். அந்த ஏழு வருடத்தில் நான் செய்த தப்புகள் நிறைய. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அது இன்னும் முடியவில்லை, உங்கள் கைக்கு வரப்போகிறது.

நம் வேலை என்ன என்று ஊரில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். "கட்டடம் கட்டுற வேலையா?" என்று அம்மா கேட்பாள். இல்லை, எங்கே கட்டலாம் என்று சொல்கிற வேலையா என்றால், அதுவும் இல்லை. நகரத்துக்கு இன்னும் வீடுகள் வேண்டும். அவற்றை எங்கே கட்டலாம் என்று ஒரு துறை மூன்று வழிகளை யோசித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு வழியிலும் தண்ணீர் என்ன ஆகும், மரம் என்ன ஆகும், வெள்ளம் எங்கே போகும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறோம். முடிவு அவர்களுடையது, ஒப்பீடு நம்முடையது. இவ்வளவுதான்.

அந்த மூன்று வழிகளையும் நீங்கள் கோப்பில் பார்த்திருப்பீர்கள். முதல் வழி, மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இருக்கிற இரண்டு மாடி, மூன்று மாடிப் பழைய கட்டடங்களை ஆறு மாடி வரை உயர்த்த அனுமதிப்பது. இரண்டாவது, அடையாறில் இருக்கும் பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துவிட்டு உயரமாகக் கட்டுவது. மூன்றாவது, நகரத்தின் தெற்கு ஓரத்தில் கோரையும் தண்ணீரும் பறவைகளுமாகக் கிடக்கும் தாழ்ந்த நிலத்தில் மண் கொட்டி, மேடாக்கி, புதிதாக ஒரு குடியிருப்பு நகரமே உண்டாக்குவது.

ஒரே அட்டவணையில் மேலிருந்து கீழாக மூன்றுக்கும் மூன்று பத்தி. குறுக்கே வரிசைகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண். ஐந்து என்றால் நல்லது. தண்ணீர் வரிசைக்கு மட்டும் இரட்டை மதிப்பு. அடியில் கூட்டுத்தொகை.

ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக மூன்று இடங்களையும் ஒரே வாரத்தில் அளந்தோம். இந்த வருடம் தை மாதம், பொங்கல் முடிந்த பிறகு. ஒன்றை வெயிலிலும் இன்னொன்றை மழையிலும் அளந்துவிட்டு ஒப்பிடக்கூடாது என்று சொன்னவன் நான்தான். அதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மயிலாப்பூர் கிணறுகளை நான் எடுத்துக்கொண்டேன். தெற்கு ஓரத்துக்கு வேறு இருவரை அனுப்பினார்கள். அப்படி நடக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாழ்ந்த நிலத்தை ஒட்டினாற்போல் வரிசையாக அடுக்குமாடிகள் இருக்கின்றன. அடையாற்றுக் கரையில் குடிசை போட்டிருந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டையும் அங்கே மாற்றினார்கள். அம்மா இன்னும் அங்கேதான், தரைத்தளத்தில். அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. சேரும்போது அடையாறில் இருந்த சித்தப்பா முகவரியைக் கொடுத்திருந்தேன். எல்லோரும் என்னை அடையாறுக்காரன் என்றே நினைத்தார்கள், நானும் திருத்தவில்லை. கையில் அளவு நாடாவோடு அங்கே போய் நின்றால் பத்துப் பேர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதனால் போகவில்லை.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்று மாடிக் கட்டடம். அதன் காவலாளியின் மனைவி கஸ்தூரி அக்கா. மோட்டார் அறைச் சாவி அவரிடம்தான் இருக்கும். கிணற்று மூடியை அவரே நகர்த்திக் கொடுத்தார். நாடாவை இறக்கினேன். பதினொரு அடியில் தண்ணீர். சுற்றுப்பட்டுத் தெருக்களில் அளந்த மற்றக் கிணறுகளும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பதற்காக வழக்கமாகக் கழிக்கிறதைக் கழித்தேன். அப்படியும் தண்ணீர் வரிசையில் முதல் வழிக்கு நான்கு வந்தது.

வேலை முடிந்த அன்று மாலை கோயில் குளத்துப் படிக்கட்டில் இடித்துப் பிடித்து நின்று தெப்பம் பார்த்தேன். விளக்கெல்லாம் தண்ணீரில் ஆடியது. கையில் சுண்டல் பொட்டலம். பையில் கிணற்று அளவுகள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பங்குனியில் அட்டவணை முழுவதும் நிரம்பியது. முதல் வழி முன்னால் வந்தது. மூன்றாவது வழி மூன்று புள்ளி பின்னால் இரண்டாவதாக நின்றது. நான் ஆசைப்பட்டது அதுதான். தெற்கே மண் கொட்டி மேடாக்கினால், அந்த மேட்டிலிருந்து இறங்குகிற தண்ணீருக்குப் போக்கிடம் எங்கள் அடுக்குமாடிகள்தான். இப்போதே ஐப்பசியில் அம்மா கட்டிலுக்குக் கீழே செங்கல் வைக்கிறாள். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்தபோது, ஏழு வருடத்தில் முதல் முறையாக, இந்த வேலையால் அம்மாவுக்கு ஒரு நன்மை செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அறிக்கை கொடுக்க ஒரு வாரம் இருந்தது. படம் ஒன்று சரியாக வரவில்லை என்று மறுபடியும் மயிலாப்பூர் போனேன். அறுபத்து மூவர் முடிந்து பந்தல் கழிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, மறுபடியும் கெணறா? அன்னிக்குத்தான் நாடா வுட்டுப் பாத்துக்கினு போனியே."

போட்டோ மட்டும்தான் என்றேன். எத்தனை அடி என்று எழுதினாய் என்று கேட்டார். பதினொன்று என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கீரை சரிந்தது.

"தெப்பத்துல வந்து அளந்தா அப்டித்தான் காட்டும். கொளத்துல தண்ணி ரொப்பினா நம்ம கெணறு தன்னால ஏறும். தெப்பம் முடிஞ்சா அதுவும் முடிஞ்சுது. தோ, அது எதுக்கு நிக்குதுன்னு நெனச்சே?"

அவர் கை காட்டிய மூலையில், சுவரில் சாய்த்தபடி ஒரு நீளமான குழாய்த் துண்டு நின்றது. தையில் வந்தபோதும் அது அங்கேதான் நின்றது. சித்திரையில் மோட்டார்க் குழாய்க்குத் தண்ணீர் எட்டாது, அப்போது இந்தத் துண்டை மாட்டுவார்களாம். அதுவும் எட்டாவிட்டால் லாரித் தண்ணீர். மூன்று மாடிக்கும் குடம் தூக்குவது கஸ்தூரி அக்கா. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இந்த மாதிரிக் கட்டடங்கள் ஆறு மாடி வரை ஏறலாம் என்று சொன்னேன்.

"ஆறு மாடியா?" என்று மேலே அண்ணாந்து பார்த்தார். "அப்போ எனக்கு ரெண்டு காலு எக்ஸ்ட்ரா வச்சுக் குடுக்கச் சொல்லு நைனா."

பேருந்து ஏறத் தோன்றவில்லை. ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வழியாக வெயிலில் நடந்தே தியாகராய நகர் வந்தேன். கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான்கு என்பது இரண்டு ஆகும். இரட்டை மதிப்பு என்பதால் நான்கு புள்ளி குறையும். மூன்று புள்ளி முன்னால் நின்ற முதல் வழி ஒரு புள்ளி பின்னால் போகும். தெற்கே மண் கொட்டுவது முதலிடத்துக்கு வரும்.

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அளந்தது உண்மை, நாடா பொய் சொல்லவில்லை, தேதியும் அறிக்கையில் இருக்கிறது. நல்ல முடிவுக்குத் தப்பான எண் உதவுகிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தேனாம்பேட்டை சிக்னலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிக்னலைத் தாண்டியதும் கஸ்தூரி அக்கா குடத்தோடு இன்னும் மூன்று மாடி ஏறுவது கண்ணுக்குள் வந்தது. இரண்டு பத்திகளிலும் ஒவ்வொரு பெண் இருந்தாள். ஒருத்தி என் அம்மா, அவளுக்கு உதவுகிற பொய்யை இன்னொருத்தியின் கட்டத்தில் நான் எழுதியிருந்தேன். தெரியாமல் எழுதியதுதான். ஆனால் இப்போது தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். எதையும் சொல்லவில்லை. நெத்திலி ஆய்ந்தபடியே அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"தையில ரெண்டு பேரு வந்தானுங்கடா, அளக்குறதுக்கு. சொவத்தைத் தடவித் தடவிப் பாத்தானுங்க. கையெல்லாம் சுண்ணாம்பு. நல்லா சுத்தமா வச்சிக்கிறீங்கம்மான்னு சொல்லிட்டுப் போனானுங்க. இன்னா வேலையோ, பாவம், வெயில்ல."

நம் அட்டவணையில் வெள்ளம் என்ற வரிசையில் மூன்றாவது வழிக்கு நான்கு போட்டிருந்தோம். காரணம் என்ற இடத்தில், அருகிலுள்ள குடியிருப்புச் சுவர்களில் நீர்த்தடம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதியிருந்தது. அதை நான் படித்திருந்தேன். படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். கூட்டுத்தொகை எப்படியும் எனக்குச் சாதகமாகத்தானே இருக்கிறது, எதற்கு வாயைத் திறந்து வீட்டைக் காட்டிக்கொடுப்பது என்று.

நீர்த்தடம் எப்படி இருக்கும்? போகிக்கு முந்தின நாள் அந்தச் சுவரில் சுண்ணாம்பு அடித்தவன் நான். இடுப்பு உயரத்தில் காவி நிறத்தில் நேர்கோடு மாதிரி ஓடிய கறையை இரண்டு பூச்சுப் பூசி மறைத்தவன் நான். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அன்று அதுதான் வேலை. பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா? பொங்கல் முடிந்த வாரத்தில் நம் ஆட்கள் போய்ப் பார்த்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மூன்று இடத்தையும் ஒரே வாரத்தில் அளந்தது நியாயம் என்று நம்பினோம். அந்த ஒரே வாரம் மயிலாப்பூருக்கு வருடத்திலேயே நல்ல வாரம், எங்கள் குடியிருப்புக்கும் நல்ல வாரம். ஒரு இடத்தில் குளம் நிறைந்திருந்தது, இன்னொரு இடத்தில் சுவர் வெளுத்திருந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் அதன் கெட்ட நாள் வேறு வேறு மாதத்தில் வருகிறது. அங்கே குடியிருப்பவர்களுக்கு அது எந்த நாள் என்று தெரியும். நாம் நாடாவை இறக்குவதற்கு முன்னால் அதைக் கேட்பதில்லை. நானோ கேட்கக்கூட வேண்டியதில்லை, எனக்கே தெரியும். தெரிந்தும் மறைத்தேன்.

திங்கள் காலை மேடத்தின் அறைக்குப் போனேன். நீங்கள் தினமும் பார்க்கிற அதே மேடம்தான். முதலில் கிணற்றை மட்டும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. முதல் வழிதான் முன்னால் வருகிறது என்று துறையில் வாய்மொழியாக ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். ஒரு கட்டத்துக்காக இத்தனை பேரை நிறுத்தி வைப்பதா என்றார். பிறகு அவரே கணினியைத் திருப்பி, நான்கை அழித்து இரண்டு போட்டார். கூட்டுத்தொகை மாறியது.

"இது உனக்கு ஓகேவா?" என்றார். "இந்த மூணாவது வரக்கூடாதுன்னு ஆபீஸ்லயே அதிகமா சண்டை போட்டவன் நீதான்."

"ஓகே இல்ல மேடம். ஆனா அந்த நாலு தப்பு."

"வேற எதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தேன்.

"வெள்ளத்துக்குப் போட்டிருக்கிற நாலும் தப்பு மேடம். எங்க வீடு அங்கதான் இருக்கு. தண்ணி இடுப்பு வரைக்கும் வரும். அந்தக் கறைமேல சுண்ணாம்பு அடிச்சதே நான்தான்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இத்தனை நாள் ஏன் சொல்லல?"

சொந்த வீட்டுக்காக நம்பரை வளைக்கிறான் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன் என்றேன்.

"இப்ப மட்டும் சொல்லமாட்டாங்களா?"

"சொல்லுவாங்க," என்று அவரே பதிலும் சொன்னார். "அதனால அந்த இடத்தை நீ அளக்காதே. நீ சொன்னேங்கறதும் அறிக்கையில வராது. எங்கே பார்க்கணும்னு மட்டும் அவங்க ரெண்டு பேர்கிட்ட சொல்லு."

தையில் போன அதே இருவரும் மறுபடியும் போனார்கள். மாடிப்படிக்கு அடியில் பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அங்கே குனிந்து யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை. அடுக்கடுக்காக இருந்த பழைய கறைகளைப் படம் எடுத்துவந்தார்கள். அம்மாவோடு பேசியதில் என் பெயர் வெளியே வந்துவிட்டது. அதில் ஒருவர் என் மேசைக்கு வந்து, "மச்சி, அது உங்கம்மான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே டீயாவது கெடைச்சிருக்கும்ல," என்றார். ஏழு வருடம் ஒளித்துவைத்தது அவ்வளவு சுலபமாக முடிந்தது.

ஆனால் கறை இருக்கிறது என்பது தெரியும், எந்த வருடத்துக் கறை, எத்தனை நாள் நின்ற தண்ணீர் என்பது தெரியாது. அதை வைத்து எண் போட முடியாது என்று மேடம் உறுதியாக இருந்தார். ஒரே கட்டத்தில் எண் மாறினால் முதலிடமே மாறிவிடுகிற அட்டவணையில் கூட்டுத்தொகை போடுவதும் தப்பு என்று அந்த வரிசையையே எடுத்துவிட்டார். இதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். துறைக் கூட்டத்தில் அதிகாரி கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி மொத்தம் எங்கே என்று தேடினார். குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லுங்களேன் என்றார். மேடம் இரண்டு தடவை அளக்க அவகாசம் கேட்டார். சித்திரையில் கிணறுகள், ஐப்பசி கார்த்திகையில் தெற்கு ஓரம். அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டே கார்த்திகைக் கடைசி வரை கொடுத்தார். அதன் பிறகு அந்தத் துறையிலிருந்து நமக்குப் புதிய வேலை எதுவும் வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

சித்திரையில் நான் மயிலாப்பூர் போனேன். மூலையில் குழாய்த் துண்டு இல்லை, கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. பத்தொன்பது அடியில் சேறும் தண்ணீருமாக இருந்தது. "இப்ப எழுது," என்றார் கஸ்தூரி அக்கா. எழுதினேன்.

மீதி இருப்பது மழைக்கால அளவு. அது உங்களுடையது.

நான் ஏன் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். இந்த வருடம் மழை சுமாராகப் பெய்தால் அம்மா வீட்டுக்குள் தண்ணீர் வராது. வாசலில் நாடா கணுக்கால் அளவைத்தான் காட்டும். மூன்றாவது வழி நல்லதாகத் தெரியும், மண் லாரிகள் வர ஆரம்பிக்கும். மழை கொட்டினால் நாடா உண்மையைச் சொல்லும், அம்மா இடுப்புத் தண்ணீரில் நிற்பாள். எதை வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் ஒன்றை வேண்டுகிறேன், மறுநாள் மற்றதை. மழை குறைந்தால் ஒரே வருட அளவை நம்பி எண் போடாதீர்கள், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் கறைகளையும் சேர்த்து எழுதுங்கள் என்று குறிப்பின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

நாடா என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. முனையில் இருக்கும் ஈயக்குண்டு கொஞ்சம் ஆடும், நூல் கட்டியிருக்கிறேன். தெற்கே போகும்போது முதல் வரிசைக் கட்டடத்தில் தரைத்தளத்தில் இரண்டாவது வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எங்கெங்கே தண்ணீர் முதலில் ஏறும், எங்கே கடைசியில் வடியும் என்று அவள் காட்டுவாள். நீங்கள் கேட்டால் போதும்.

போன ஞாயிறு அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நான் ஊரில் இருக்கமாட்டேன், ஐப்பசியில் நாலு பேர் அளக்க வருவார்கள் என்று. அவள் நம் வேலையைப் பற்றி முதல் முறையாக ஒரு யோசனை சொன்னாள்.

"செருப்பு போட்டுக்கினு வர வேணாம்னு சொல்லு. தண்ணி இழுத்துக்கினு பூடும்."